கார்ட்லெஸ் டிரில்: வீட்டுக்கு எது, தொழிலுக்கு எது? (பாஷ், மகிட்டா, டிவால்ட், மற்றவை)

#1 தாம்பரம்வாசி

வணக்கம். போன மாதம்தான் தாம்பரம் பக்கம் புது ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். திரைச்சீலைக் கம்பி, பூஜை அலமாரி, கண்ணாடி, டிவி ஸ்டாண்ட் என்று முப்பது ஓட்டைக்கு மேல் வேலை கிடக்கிறது. ஆள் வைத்துப் போட்டுவிடலாம். ஆனால் சொந்த வீட்டில் இந்த வேலையையாவது என் கையால் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் 12 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் ஒன்றை இரவல் வாங்கி, ஹால் ஜன்னலுக்கு மேலே ஓட்டை போட்டுப் பார்த்தேன். முதல் ஒன்றரை சென்டிமீட்டர் சரசரவென்று இறங்கியது. அதற்கப்புறம் அரை நூல்கூட நகரவில்லை. ஐந்து நிமிடம் அழுத்தியதில் பிட் முனை நீலம் பாய்ந்துவிட்டது. கையும் வலிக்கிறது.

சரி, நல்ல மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்று பிராட்வே போய் நாலு கடை ஏறி இறங்கினேன். குறித்துக்கொண்டு வந்தவை: பாஷ் ஜிஎஸ்பி 180 எல்ஐ, முறுக்குவிசை 54 நியூட்டன் மீட்டர். மகிட்டா டிஎச்பி482, 62. மகிட்டா டிஎச்பி485, 50, பிரஷ்லெஸ். டிவால்ட் டிசிடி778, 65, இதுவும் பிரஷ்லெஸ். எல்லாம் 18 வோல்ட். மகிட்டாவில் 62 இருப்பதைவிட 50 இருப்பதற்கு விலை கூடச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால் கடைக்காரர் 'அது பிரஷ்லெஸ் சார்' என்று மட்டும் சொல்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. என் மச்சினன் திருவண்ணாமலையில் மாடுலர் கிச்சன் வேலை எடுத்துச் செய்யத் தொடங்கியிருக்கிறான். அவனுக்கும் ஒன்று வேண்டும். இருவரும் ஒரே பிராண்ட் வாங்கினால் நல்லதா?

#2 கும்பகோணம் தச்சர்

தம்பி, குறை மெஷினில் இல்லை. நீங்கள் துளைத்த இடம் லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற கான்கிரீட் சட்டம்.

முதல் ஒன்றரை சென்டிமீட்டர் போனது பூச்சு. அதற்குப் பின்னால் இருப்பது ஜல்லியும் கம்பியும் போட்ட கான்கிரீட். திரைச்சீலைக் கம்பி எப்போதும் ஜன்னலுக்கு மேலேதான் வரும், லிண்டலும் அங்கேதான் இருக்கும். வீட்டுக்கு டிரில் வாங்குகிறவர்கள் முதல் நாளே முட்டி நிற்பது இந்த இடத்தில்தான். அதே மெஷினைக் கீழே செங்கல் சுவரில் வைத்துப் பாருங்கள், ஒழுங்காகப் போகும்.

எந்தச் சுவர் என்று தெரியாவிட்டால் தூளைப் பாருங்கள். பூச்சைத் தாண்டியதும் சிவப்பாகக் கொட்டினால் செங்கல். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி வந்தால் கான்கிரீட். வெளிறிப்போய், பிட் தானாக உள்ளே போகிற மாதிரி இருந்தால் இப்போது புழக்கத்தில் இருக்கிற லேசு பிளாக். லேசு பிளாக்கில் ஹேமரை (இடித்துக்கொண்டே சுற்றுகிற முறையை) நிறுத்திவிட்டுச் சும்மா சுற்றினால் போதும். ஹேமர் போட்டால் ஓட்டை அகன்று, ஸ்க்ரூவுக்காக உள்ளே வைக்கிற பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது.

புதுசாகக் கட்டுகிற அடுக்குமாடிகள் சிலவற்றில் அலுமினிய அச்சுப் பலகை அடித்துச் சுவர் முழுவதையும் கான்கிரீட்டாகவே வார்த்துவிடுகிறார்கள். உங்கள் ஃபிளாட் எப்படி என்று முதலில் பில்டரிடம் கேளுங்கள். பிராண்ட் பேச்சு அப்புறம்.

நீலம் பாய்ந்த பிட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அது இனி செங்கலுக்கும் உதவாது.

#3 ஒயர்மேன் கோவை

தச்சர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்காதீர்கள். நம் ஊர் வயரிங்கில் பைப் தளத்திலிருந்து நேராக இறங்கித்தான் போர்டுக்கு வரும். ஏசி பாயிண்ட், கீசர் பாயிண்ட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். போன வருடம் ஒரு வீட்டில் சாமி படம் மாட்டப் போய் பைப்பைத் துளைத்து, மூன்று அறைக்கு லைன் போய்விட்டது. சுவரை உடைத்துத்தான் சரிசெய்தேன். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது தெய்வாதீனம்.

கார்ட்லெஸ்ஸில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் இதுதான்: மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யலாம். ஒயர் உள்ள டிரில்லில் அது முடியாது. சந்தேகமான இடம் என்றால் மெயின் பெட்டியில் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டுத் துளையுங்கள்.

ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன். முப்பது ஓட்டை, அதுவும் கான்கிரீட் என்றால் வீட்டுக்குக் கார்ட்லெஸ் கட்டாயமா? 550, 600 வாட் ஒயர் டிரில் ஒன்று, பாஷ் ஜிஎஸ்பி 13 ஆர்ஈ மாதிரி, வருடக் கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் எடுத்துச் சொருகினால் ஓடும். பேட்டரி அப்படியில்லை, சும்மா வைத்திருந்தாலும் அதற்கு வயதாகும். வருடத்துக்கு இரண்டு முறை எடுக்கிறவருக்கு நான் எப்போதும் ஒயர் டிரில்லைத்தான் சொல்வேன்.

#4 மோட்டார் மெக்கானிக் மதுரை

காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். தினமும் நாலைந்து டிரில்லாவது மேசையில் பிரிந்து கிடக்கும். நீங்கள் எழுதிய நம்பர்களைப் பற்றி விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நம்பர்களை வைத்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

முதலில் வோல்ட். லித்தியம் செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட் கணக்கு. முழு சார்ஜில் 4.2 வரை ஏறும். மூன்று செல் போட்டால் 10.8, ஐந்து செல் போட்டால் 18. பாஷ் 12 வோல்ட் என்று விற்பதை முன்பு 10.8 என்றே எழுதி விற்றார்கள், பேட்டரி அதேதான். டிவால்ட் அமெரிக்கா, கனடாவில் '20 வோல்ட் மேக்ஸ்', வேறு பல நாடுகளில் '18 வோல்ட் எக்ஸ்ஆர்'. இரண்டும் அதே ஐந்து செல்தான். 21 வோல்ட் என்று எழுதியிருந்தால் முழு சார்ஜ் கணக்கை எழுதியிருக்கிறார்கள். இதுவரை சரி. ஆனால் ஆன்லைனில் 48, 88, 128 என்று பெரிய எழுத்தில் ஒட்டி வருகிறதே, அந்த நம்பருக்கு அர்த்தமே கிடையாது. அப்படி 88 என்று எழுதிய ஒன்று போன வாரம் கடைக்கு வந்தது. பிரித்தால் உள்ளே ஐந்து செல். வாங்கியவர் ஒரு கல்லூரி மாணவர், மூன்று மாதம் சேர்த்த பணம். எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

அடுத்து முறுக்குவிசை. எல்லாக் கம்பெனியும் இரண்டு நம்பர் கொடுப்பார்கள், அட்டையில் பெரிதாகப் போடுவது ஒன்றைத்தான். கெட்டியான மூட்டு என்பது இரும்பில் போல்ட் இறுகி நிற்கிற அந்த ஒரு நொடிக்கான விசை. மெத்தென்ற மூட்டு என்பது மரத்தில் ஸ்க்ரூ இறங்கும்போது தொடர்ந்து கிடைப்பது. உங்கள் பட்டியலையே பாருங்கள். பாஷ் 54, மெத்தில் 21. டிஎச்பி482 62, மெத்தில் 36. டிஎச்பி485 50, மெத்தில் 27. டிவால்ட் 65, மெத்தில் 26. அட்டையில் முதலில் நிற்கிற டிவால்ட், மரத்துக்கான கணக்கில் டிஎச்பி482க்குப் பின்னால் போகிறது. தச்சு வேலைக்கு இரண்டாவது நம்பரைத்தான் பார்க்க வேண்டும்.

கான்கிரீட்டுக்கு இந்த இரண்டு நம்பருமே உதவாது. நீங்கள் குறித்துவந்த மாதிரி இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசிக் குதிக்கும், அவ்வளவுதான் ஹேமர். குதிக்கிற விசை நீங்கள் அழுத்துகிற அழுத்தத்திலிருந்து வருகிறது. அதனால்தான் உங்கள் கை வலித்தது. ரோட்டரி ஹேமர் வேறு ஜாதி. உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி ஒரு குண்டை அடிக்கும். நீங்கள் சும்மா பிடித்துக்கொண்டால் போதும், அடி அதுவே கொடுக்கும். அந்த அடியின் பலத்தை ஜூலில் சொல்வார்கள். மகிட்டா டிஎச்ஆர்171 1.2 ஜூல், பாஷ் ஜிபிஎச் 180 எல்ஐ 1.7, டிவால்ட் டிசிஎச்133 2.6. மூன்றுமே 18 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. இதில் சின்னது எடுத்தாலும் லிண்டலில் 6 மி.மீ. ஓட்டை நோகாமல் போகும்.

50க்கு ஏன் விலை கூட என்ற கேள்வி. பிரஷ்லெஸ் மோட்டாரில் தேய்கிற கார்பன் பிரஷ் கிடையாது, உரசல் இல்லை, ஒரே சார்ஜில் கூட நேரம் ஓடும், சூடும் குறைவு. உடம்பும் சின்னது. டிஎச்பி485 நீளம் 169 மி.மீ., டிஎச்பி482 198 மி.மீ. அலமாரிக்குள் கையை விட்டு வேலை செய்கிறவருக்கு இந்த மூன்று சென்டிமீட்டர் பெரிய விஷயம். ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது: கார்பன் தேய்ந்தால் கொஞ்சக் காசில் மாற்றித் தந்துவிடுவேன். பிரஷ்லெஸ்ஸில் உள்ளே இருக்கிற போர்டு போனால் செலவு கணிசமாக வரும். மழையில் நனைகிற வேலை, தூசியில் புரள்கிற வேலை செய்கிறவர்கள் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

#5 தாம்பரம்வாசி

இவ்வளவு விவரத்தை எந்தக் கடையிலும் சொல்லவில்லை. ரொம்ப நன்றி.

காலையில் எழுந்ததும் ஹால் சுவரில், ஜன்னலுக்குக் கீழே, புது பிட் போட்டு முயன்றேன். சிவப்புத் தூள்! அதே இரவல் மெஷின், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்படியென்றால் சுவர் செங்கல், லிண்டலும் பீமும் மட்டும் கான்கிரீட். முப்பதில் கான்கிரீட்டில் விழுவது எத்தனை என்று எண்ணினேன். திரைச்சீலைக்கு மட்டும் பத்து.

மச்சினன் விஷயம் இன்னும் புரியவில்லை. அவனுக்கு வேலை முழுக்க பிளைவுட்டிலும் எம்டிஎஃப்பிலும் (மர நாரை அழுத்திச் செய்த பலகை)தான். கடைசியில் அலமாரியைச் சுவரில் மாட்டும்போது மட்டும் சுவர் வேலை.

#6 கும்பகோணம் தச்சர்

உங்கள் மச்சினனுக்கு நான் சொல்வது, முப்பத்திரண்டு வருடம் மரத்தோடு இருந்த அனுபவத்தில்.

மெஷின் வாங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஒரு பேட்டரிக் குடும்பத்தோடு சம்பந்தம் வைத்துக்கொள்கிறோம். இன்றைக்கு டிரில். ஆறு மாதத்தில் ஸ்க்ரூ முடுக்க இம்பாக்ட் டிரைவர் வேண்டும் என்பான். அப்புறம் ஜிக்சா, டிரிம்மர், சின்ன ரம்பம். எல்லாவற்றுக்கும் அதே பேட்டரி பொருந்தினால் வெறும் உடம்பை மட்டும் வாங்கிக்கொண்டே போகலாம். பொருந்தாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பேட்டரி, ஒவ்வொன்றுக்கும் சார்ஜர்.

ஒரே பெயர் போட்டிருந்தால் ஒரே குடும்பம் என்றும் நம்பிவிடாதீர்கள். மகிட்டாவிலேயே விலை குறைந்த 'ஜி' வரிசை உண்டு. அதன் பேட்டரி மகிட்டாவின் முக்கிய வரிசையான எல்எக்ஸ்டி மெஷினில் பொருந்தாது, இரண்டும் 18 வோல்ட்தான். பாஷில் தொழிலுக்கு நீலம், வீட்டுக்குப் பச்சை. நீலத்தின் பேட்டரி பச்சையில் பொருந்தாது, பச்சையினுடையது நீலத்திலும் பொருந்தாது. டிவால்ட், ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர் மூன்றும் ஒரே நிறுவனத்தின் பிராண்டுகள்தான், ஆனாலும் டிவால்ட் பேட்டரியை ஸ்டான்லி மெஷினில் போட முடியாது. வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே பேட்டரியைக் கழற்றி, அடுத்து வாங்க நினைக்கிற மெஷினில் சொருகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாடுலர் கிச்சன் வேலைக்கு 12 வோல்ட்டைக் குறைவாக எடைபோட வேண்டாம். என் பட்டறையில் பசங்கள் கையில் நாள் முழுவதும் இருப்பது 12 வோல்ட்தான். கீல் மாட்டுவது, டிராயர் சேனல் மாட்டுவது, கைப்பிடி மாட்டுவது எல்லாம் அதிலேயே முடியும். படுத்துக்கொண்டு சிங்க் அடியில் வேலை செய்யும்போது அதன் எடை குறைவு கைக்கு எவ்வளவு சுகம் என்பது மாலை ஆறு மணிக்குத்தான் தெரியும். 35 மி.மீ. கீல் குழி எடுக்கவும், தேக்கு, வேங்கை மாதிரி கெட்டி மரத்தில் நீள ஸ்க்ரூ இறக்கவும் 18 வோல்ட் வேண்டும்.

கிளட்ச் வளையத்தைப் பழகச் சொல்லுங்கள். பிட்டைப் பிடிக்கிற சக்குக்குப் பின்னால் நம்பர் எழுதிய வளையம். எம்டிஎஃப்பில் ஸ்க்ரூ தலை மட்டமாக உட்காரும் நேரத்தில் 'கடகட'வென்று சத்தம் வந்து சுற்றுவது நிற்க வேண்டும். அந்த நம்பரை ஒரு துண்டுப் பலகையில் முதலில் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு வேலையில் கை வைக்க வேண்டும். புதுப் பசங்கள் இதைப் பார்க்காமல் டிரில் குறியிலேயே வைத்து ஸ்க்ரூவை உள்ளே புதைத்து, நல்ல அலமாரிக் கதவைப் பாழாக்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நல்ல மெஷினில் விசையைச் சிறுகச் சிறுக விடலாம். விரலால் சுவிட்சை இழுத்தவுடன் முழு வேகத்தில் பாய்கிற மெஷின் எந்தப் பிராண்டாக இருந்தாலும் தச்சுக்கு ஆகாது. கடையிலேயே கையில் பிடித்து மெல்ல மெல்ல அழுத்திப் பாருங்கள்.

#7 ஸ்கார்பரோவிலிருந்து

யாழ்ப்பாணம் சொந்த ஊர், இப்போது கனடாவில் இருபது வருடம். ரெனவேஷன் வேலை.

ஒரு விஷயத்தை இங்கிருந்து பார்க்கிறவனாகச் சொல்ல வேண்டும். டிரில் ஒப்பீட்டு வீடியோக்கள் அதிகம் வருவது இந்தப் பக்கத்திலிருந்துதான். இங்கே வீடு என்றால் மரச்சட்டம், அதன்மேல் ஜிப்சம் பலகை. சுவரைத் துளைப்பது பலகையைத் துளைப்பதுதான். நிலவறையில் மட்டும்தான் கான்கிரீட். அதனால் அந்த வீடியோக்களில் எல்லாம் தடித்த மரத்தில் பெரிய ஸ்க்ரூ இறக்கி, எது வேகம் என்று பார்ப்பார்கள். அந்த முடிவை வைத்துக்கொண்டு தாம்பரத்தில் வாங்கினால் லிண்டலில் போய் நிற்பீர்கள். என்னுடைய வேலைக்கு டிவால்ட்டும் மில்வாக்கியும் வைத்திருக்கிறேன், இரண்டும் மனதுக்கு நிறைவு. ஆனால் அது என் சுவருக்கு.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுப்பதைப் பற்றியும் சொல்கிறேன். சித்தப்பாவுக்கு ஆசையாக ஒரு செட் வாங்கிக்கொண்டு போனேன். அவர் சார்ஜரை எடுத்து நேரே பிளக்கில் போட்டார். 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாசம். இங்கே 120 வோல்ட், அங்கே 230. சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 120 என்று மட்டும் போட்டிருந்தது, நான் பார்க்கவில்லை. சித்தப்பா 'பரவாயில்லையடா' என்று சொன்னார், முகம் வாடிப்போனது இன்றைக்கும் மனதில் நிற்கிறது. பேட்டரிக்கும் மெஷினுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொழும்பில் அதே பிராண்டின் 230 வோல்ட் சார்ஜர் வாங்கிப் பிறகு சரியானது.

விமானத்தில் கொண்டுபோவதென்றால் மெஷினைப் பெரிய பெட்டியிலும், தனிப் பேட்டரிகளைக் கைப்பையிலும் வைக்க வேண்டும். 100 வாட் அவர் (வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் வருவது) வரைக்கும் தனி அனுமதி கேட்காமல் விடுவார்கள். 18 வோல்ட் 5 ஆம்பியர் அவர் என்றால் 90, சரி. 6 என்றால் 108, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

#8 மோட்டார் மெக்கானிக் மதுரை

அண்ணன் சொன்ன சார்ஜர் கேஸ் எனக்கு வருடத்துக்கு நாலைந்து வருகிறது. துபாய், சிங்கப்பூர்ச் சரக்கில் இந்தப் பிரச்சினை இல்லை, அங்கேயும் இதே அளவு வோல்ட்தான். பிளக் வடிவம்தான் வேறு. அமெரிக்கா, கனடா சரக்குக்கு இங்கேயே 230 வோல்ட் சார்ஜர் வாங்கிவிடுங்கள். டிவால்ட்டில் அங்குள்ள 20 வோல்ட் மேக்ஸ் பேட்டரி இங்குள்ள 18 வோல்ட் எக்ஸ்ஆர் சார்ஜரில் ஏறும். மகிட்டா எல்எக்ஸ்டியும் அப்படியே.

#9 ஐடிஐ வாத்தியார் (ஓய்வு)

எங்கள் காலத்தில் பட்டறையில் இருந்தது ஒயர் டிரில் மட்டும்தான். பிஸ்டல் மாதிரிப் பிடியும் விரலால் இழுக்கிற சுவிட்சும் உள்ள டிரில்லுக்கு பிளாக் அண்ட் டெக்கர் காப்புரிமை வாங்கியது 1917இல். பேட்டரியில் ஓடுகிற டிரில்லை முதலில் கொண்டுவந்ததும் அவர்களே, 1961இல். நிலவில் அப்பல்லோ வீரர்கள் மண்மாதிரி எடுக்க இறக்கிய துளைப்பானிலும் அவர்கள் கை உண்டு. மகிட்டா 1915இல் நகோயாவில் மோட்டார் விற்று, பழுதுபார்க்கத் தொடங்கிய கடை. பாஷ் அதற்கும் முன்னால், 1886இல் ஸ்டுட்கார்ட்டில். இன்று ரோட்டரி ஹேமரில் போடுகிற எஸ்டிஎஸ் பிட் 1975இல் பாஷும் ஹில்டியும் சேர்ந்து கொண்டுவந்தது. எந்தக் கம்பெனியின் சின்ன ரோட்டரி ஹேமர் வாங்கினாலும் அந்தப் பிட் பொருந்துகிறது பாருங்கள், பேட்டரியிலும் அப்படி ஒரு பொது அளவு வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! 2018இல் ஜெர்மன் நிறுவனமான மெட்டாபோ தொடங்கிய பேட்டரிக் கூட்டணியும், 2022இல் பாஷ் நீல வரிசைக்குத் தொடங்கிய ஆம்ப்ஷேர் கூட்டணியும் அந்தத் திசையில் வைத்த அடிகள். பெரிய பிராண்டுகள் எல்லாம் ஒன்றுசேரும் நாள் இன்னும் வரவில்லை.

பேட்டரி பற்றி மாணவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியை முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று ஒரு பழக்கம் இருந்தது. லித்தியத்துக்கு அது கூடாது. விசை குறைகிறது என்று தெரிந்ததும் கழற்றிச் சார்ஜில் போடுங்கள். வேலை முடித்த சூட்டோடும் போடாதீர்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கான்கிரீட் துளைத்துவிட்டுக் கழற்றினால் கையில் வைக்க முடியாத சூடு இருக்கும். நல்ல சார்ஜர் அதை ஏற்காது, விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டு ஆறும்வரை காத்திருக்கும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடுகிறார்கள். கெடவில்லை, அது பேட்டரியைக் காப்பாற்றுகிறது. மாதக்கணக்கில் எடுக்க மாட்டீர்கள் என்றால் பாதி சார்ஜில் வைத்து, வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். காரின் டிக்கியில் வேண்டாம்.

#10 பிளைண்ட்ஸ் மாட்டுகிறவன்

எனக்குத் தொழிலே இதுதான் சார். ஜன்னல் பிளைண்ட்ஸ், திரைச்சீலை மாட்டுவது. ஒரு நாளைக்கு நாற்பது அறுபது ஓட்டை, பாதிக்கு மேல் லிண்டல்.

ஒயர்மேன் அண்ணன் ஒயர் டிரில் போதும் என்றார். வீட்டுக்காரருக்கு அது சரி. நான் ஏணிமேல் நிற்கிறேன், ஒரு கையில் பிராக்கெட், ஒரு கையில் மெஷின். காலில் ஒயர் சுற்றினால் விழுவேன். விழுந்தும் இருக்கிறேன், இடது மணிக்கட்டு. அதோடு நிறைய இடங்களில் புதுக் கட்டடத்தில் கரண்டே வந்திருக்காது. அதனால் மூன்று வருடமாக 18 வோல்ட் ரோட்டரி ஹேமர்தான். சின்ன வகை போதும், தலைக்கு மேலே தூக்க எடை குறைவாக இருக்க வேண்டும்.

பிராண்ட் என்றால், தொடங்கும்போது கையில் காசு இல்லை. 'இங்கோ' பிராண்ட் எடுத்தேன், கூட வேலை செய்கிற பையன் 'டோட்டல்' பிராண்ட் வைத்திருக்கிறான். இரண்டுமே சீன நிறுவனங்கள், விலை கைக்கு எட்டும். என் ஊரில் இரண்டுக்கும் உதிரி கிடைக்கிறது. அதில் சம்பாதித்துத்தான் இப்போது மகிட்டா வைத்திருக்கிறேன், அந்த முதல் மெஷினை இன்னும் விற்க மனசு வரவில்லை. ஆனால் ஒரு தடவை, பெயர் வேண்டாம், ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன். ஐந்தாவது மாதம் ஒரு பேட்டரி செத்தது. சர்வீஸ் நம்பர் எடுக்கவே இல்லை, தனிப் பேட்டரி எங்கேயும் விற்பதில்லை. மெஷின் நல்லா இருக்கிறது, போட பேட்டரி இல்லை. அதிலிருந்து நான் கடையில் கேட்கிற முதல் கேள்வி: 'தனிப் பேட்டரி உங்களிடம் ஸ்டாக் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள்'. அட்டைப்பெட்டியைக் கண்ணால் பார்த்தால்தான் மெஷின் வாங்குவேன். ஜிஎஸ்டி பில்லும் கட்டாயம் வாங்கிவிடுவேன், அது இல்லாமல் வாரண்டி பேசவே முடியாது.

இரண்டு பேட்டரி இல்லாமல் தொழிலில் இறங்கக் கூடாது. ஒன்று ஓடும்போது ஒன்று ஏற வேண்டும். வாடிக்கையாளர் வீட்டில் சார்ஜ் ஏறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த வேலை கிடைக்காது.

#11 ஒயர்மேன் கோவை

தம்பி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஏணி வேலைக்கு ஒயர் ஆபத்துதான், நான் தரையில் நின்று யோசித்துச் சொல்லிவிட்டேன். தாம்பரம் சாருக்கு ஒரு யோசனை: கான்கிரீட் ஓட்டை பத்துதான் என்றால் ரோட்டரி ஹேமர் வாங்கவே வேண்டாம். பெரிய ஹார்டுவேர் கடைகளில் நாள் வாடகைக்குத் தருவார்கள். பத்தையும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். மீதி செங்கல் வேலைக்கும், ஸ்க்ரூ முடுக்கவும், கட்டில் பிரித்து மாட்டவும் 12 வோல்ட் இம்பாக்ட் டிரில் தாராளம். பாஷ் ஜிஎஸ்பி 120 எல்ஐ, மகிட்டா எச்பி333டி இரண்டுமே 30 நியூட்டன் மீட்டர், இரண்டுமே நம்பி வாங்கலாம். உங்கள் ஏரியாவில் எதற்குச் சர்வீஸ் பக்கம் என்று பார்த்து எடுங்கள்.

#12 தாம்பரம்வாசி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மச்சினன் ஊரிலிருந்து வந்திருந்தான். இருவரும் மறுபடி பிராட்வே போனோம். அவன் டிஎச்பி485ஐயும் 482ஐயும் கையில் மாற்றி மாற்றிப் பிடித்து, கடைக்காரரிடம் ஒரு காலி அட்டைப்பெட்டி வாங்கி, அதற்குள் கையை விட்டுத் திருப்பிப் பார்த்தான். சிங்க் அலமாரி அளவு அது. 482 பக்கவாட்டில் இடித்தது, 485 இடிக்கவில்லை. அதையே எடுத்தான், எல்எக்ஸ்டி பேட்டரி இரண்டோடு. அதே பேட்டரி போகிற ரோட்டரி ஹேமரையும் கடைக்காரர் எடுத்து வைத்தார். கழற்றிச் சொருகிப் பார்த்தோம், சரியாக உட்கார்ந்தது. அதை அடுத்த வேலைக்கு முன்பணம் வந்ததும் வாங்குவதாகச் சொல்லிவிட்டான்.

எனக்கு பாஷ் 12 வோல்ட். சர்வீஸ் சென்டர் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது.

ரோட்டரி ஹேமர் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தேன். 6 மி.மீ. எஸ்டிஎஸ் பிட்டில் இரண்டு அங்குலம் அளந்து இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டேன். ஓட்டைக்குக் கீழே பழைய தபால் உறை ஒன்றை வாய் திறந்து ஒட்டினோம், தூள் எல்லாம் அதற்குள் விழுந்தது. முன்பு ஐந்து நிமிடம் போராடிய அதே ஓட்டையில் வைத்தேன். அழுத்தவே இல்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றேன். மச்சினன் வாய்விட்டு எண்ணினான், பதினான்கு எண்ணுவதற்குள் டேப் சுவரைத் தொட்டுவிட்டது. உறைக்குள் பார்த்தால் சாம்பல் நிறத் தூள், தச்சர் ஐயா சொன்ன அதே நிறம். எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

பத்தும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. ஒன்றில் மட்டும் பாதியில் நின்றுவிட்டது, வேறு மாதிரிச் சத்தம், கம்பி போலிருக்கிறது.

#13 கும்பகோணம் தச்சர்

கம்பியேதான். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு அங்குலம் பக்கவாட்டில் தள்ளிப் போடுங்கள், பிராக்கெட் தகடு பழைய ஓட்டையை மறைத்துவிடும். பிளக் வைப்பதற்கு முன் ஓட்டைக்குள் ஊதித் தூளை வெளியே எடுத்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள், தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

#14 தாம்பரம்வாசி

தள்ளிப் போட்டாயிற்று ஐயா, தகடு மறைத்துவிட்டது. அம்மா திரைச்சீலையை மாட்டியும் விட்டார்கள். பூஜை அலமாரி நாளைக்கு. அந்தச் சுவரில் போர்டு வலது ஓரத்தில் இருக்கிறது, நேர் மேலே ஒன்றும் வராதபடி பென்சிலில் குறித்து வைத்துவிட்டேன்.